நல்ல ஃபார்வர்டு யார்?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், வட்டக்கோட்டை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று வாரமாக என்னை விரட்டிக்கொண்டிருந்தார். கவிதை எனக்கு வராது. விஞ்ஞானம் வரமா சாபமா என்று சென்ற மலரிலேயே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் பந்து. சரி, அதையே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

எங்கள் ஊர் வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர். டச்சுக்காரர்களின் படையில் வந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டிலனாய், மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் பலப்படுத்திய கோட்டை அது. கோட்டைக்குள் பந்து விளையாட விடமாட்டார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஆகவே வெளியே கரையோரக் கருமணலில்தான் எங்கள் ஆட்டம். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து வரும் மாதங்களில், உயரத் தூக்கி அடித்த பந்து கோலுக்குப் போகாது, நேரே கடலுக்குத்தான் போகும். நீந்திப் போய் எடுத்து வருகிறவன்தான் அன்றைய ஆட்டநாயகன்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் தினமும் ஒரே வழக்கு. இந்தியாவின் மிகச் சிறந்த ஃபார்வர்டு யார்? "லேய் மக்கா, ஐ.எம். விஜயனுக்குப் பொறவு எவம்ல இருக்கான்?" என்பார் கடைக்கார அண்ணாச்சி. சுனில் சேத்ரி என்று சொல்லிவிட்டால் "எண்ணிக்கையக் காட்டி ஏமாத்தாத" என்பார். நடுவில் ஒருவன் பூட்டியா பெயரைச் சொல்லி இரு பக்கமும் அடி வாங்குவான். இரண்டு வருடம் நானும் இந்த வழக்கில் வாதாடியவன்தான். இப்போது கேள்வியே தப்பு என்று எனக்குப் படுகிறது. ஏன் என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

நம் மெட்டீரியல் டெஸ்டிங் லேபை நினைத்துக்கொள்ளுங்கள். யுனிவர்சல் டெஸ்டிங் மெஷினில் மைல்டு ஸ்டீல் கம்பியை மாட்டி இழுத்தால், அது நீண்டு, இடை மெலிந்து, கடைசியில்தான் அறும். வார்ப்பிரும்பை இழுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் 'டக்' என்று உடையும். அதே வார்ப்பிரும்பை அமுக்கினால் அதைவிட மிக அதிகமான பாரத்தைத் தாங்குகிறது. லேத்தின் பெட்டை வார்ப்பிரும்பில் செய்கிறார்கள். கிரேன் கொக்கியை அதில் செய்தால் கீழே நிற்கிறவன் பாடு அம்போ! இரண்டில் எது நல்ல உலோகம் என்று கேட்டால் சார் என்ன சொல்வார்? "என்ன லோடு, அதைச் சொல்லு முதல்ல" என்பார். ஃபார்வர்டுகளின் கதையும் அதுதான். அவனுக்கு என்ன பந்து வருகிறது, எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்பதைச் சொல்லாமல் அவன் பலத்தையும் பலவீனத்தையும் பேச முடியாது.

முதலில் ஐ.எம். விஜயன். 1969இல் திருச்சூரில் பிறந்தவர். சிறுவயதில் திருச்சூர் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர். பாட்டிலுக்குப் பத்துப் பைசா. பதினேழு வயதில் கேரள போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. வி.பி. சத்யன், பாப்பச்சன் போன்றவர்களுடன் சேர்ந்து 1990இல் சொந்த ஊரான திருச்சூரிலேயே ஃபெடரேஷன் கோப்பையை வென்றார். பிறகு மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று இந்தியாவின் பெரிய அணிகளில் எல்லாம் ஆடினார். வங்காளிகள் அவருக்கு வைத்த பெயர் 'காலோ ஹரின்', அதாவது கறுத்த மான். நம்மவர்களுக்கு 'திமிரு', 'பிகில்' படங்களில் நடித்தவர் என்றால்தான் சட்டென்று ஞாபகம் வரும். என்ன செய்வது! 2025இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

விஜயனின் பலம் என்ன? முதல் தொடுகை. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். பின்னால் டிஃபென்டர் ஒட்டிக்கொண்டு நிற்பான். பந்து வரும். சாதாரண ஃபார்வர்டு அதை நிறுத்துவான், திரும்பிப் பார்ப்பான், பிறகு யோசிப்பான். விஜயனுக்கு நிறுத்துவதும் திரும்புவதும் ஒரே செயல். பந்து காலில் பட்ட நொடியிலேயே அது டிஃபென்டருக்கு மறுபக்கம் போயிருக்கும். அடுத்தது, காலைப் பின்னால் ஓங்காமலே அடிக்கும் திறமை. ஓங்கினால் கோல்கீப்பருக்கு முன்னறிவிப்புக் கிடைத்துவிடும். நெஞ்சு உயரத்தில் வரும் பந்தையும் அந்தரத்தில் படுத்து அடிப்பார். பழைய வீடியோக்கள் மங்கலாகத்தான் கிடைக்கின்றன, ஆனாலும் பார்த்தால் தெரியும். 1999இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது வினாடியில் கோல் போட்டார். பார்வையாளன் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம்கூட இல்லை.

பலவீனம்? அண்ணாச்சி கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும். விஜயனுக்குப் பந்து காலடிக்கு வர வேண்டும். அவருக்குப் பின்னால் பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தபோது அவர் மாயாவி. நடுக்களம் பலவீனமான நாட்களில் பந்தைத் தேடி நடுவட்டம் வரைக்கும் இறங்கி வந்துவிடுவார். அப்புறம் கோல் முன்னால் ஆள் இல்லை. பந்து எதிரணி வசம் போனபின் விரட்டிப் பிடுங்குகிற வேலையும் அவருக்கு அவ்வளவு இஷ்டமான வேலை அல்ல. இது என் கணிப்பு. அந்தக் காலத்தில் ஃபார்வர்டிடம் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

இடையில் ஒரு சிறு திருத்தம். விஜயன் என்றால் எல்லாரும் ஐ.எம். விஜயனையே நினைக்கிறோம். நம் தமிழ்நாட்டுக்காரர் ராமன் விஜயனும் ஒரு ஃபார்வர்டுதான். 1997-98 தேசிய லீக்கில் பத்துக் கோல் அடித்து அதிகக் கோல் போட்டவர் அவர். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆண்டு இரண்டு விஜயன்களும் ஒரே அணியில், எஃப்.சி. கொச்சினில் இருந்தார்கள். ரேடியோவில் வர்ணனை சொல்கிறவர் என்ன பாடு பட்டிருப்பாரோ!

அடுத்து பாய்ச்சுங் பூட்டியா. 1976இல் சிக்கிமின் திங்கிதாம் கிராமத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1995 நேரு கோப்பையில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டபோது வயது பதினெட்டுதான். 'சிக்கிமின் ஸ்னைப்பர்' என்று பட்டப்பெயர். ஸ்னைப்பர் என்றால் தூரத்தில் இருந்து சுடுகிறவன். பூட்டியாவோ பெரும்பாலும் கோலுக்கு மிக அருகில் இருந்து அடித்தவர். பெயர் வைத்தவருக்குத் துப்பாக்கி விவரம் தெரியாது போலிருக்கிறது.

பூட்டியாவின் பலம் காலில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. ஆஃப்சைடு விதி உங்களுக்குத் தெரியும். சக வீரன் பந்தை உதைக்கும் அந்த நொடியில் நீங்கள் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளைத் தாண்டி நிற்கக்கூடாது. உதைத்த பிறகு எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். அரை வினாடி முன்னால் ஓடினால் கொடி தூக்கப்படும். அரை வினாடி பின்னால் ஓடினால் டிஃபென்டர் வந்துவிடுவான். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் வாழ்ந்தவர் பூட்டியா. முதலில் டிஃபென்டரின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் இரண்டடி வைப்பார். அவன் எடையை அந்தக் காலுக்கு மாற்றியதும் மறுபக்கம் பாய்வார். வொர்க்ஷாப்பில் டைமிங் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதுவே.

இதற்குச் சிறந்த சாட்சி 1997 ஜூலை 13. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். பார்க்க வந்தவர்கள் 1,31,781 பேர்! நம் நாகர்கோவில் நகரத்தில் பாதியையாவது பெயர்த்துக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டியிருக்கும். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டைமண்ட்' என்ற புதிய வியூகத்தோடு வந்திருந்தார். ஆட்களை முன்னே அனுப்பி எதிரியை மூச்சுவிடாமல் அமுக்குகிற முறை. அதுவரை அந்தத் தொடரில் அது எதிரிகளை நொறுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் ஆட்கள் முன்னே போனால் பின்னே என்ன இருக்கும்? வெற்றிடம். எதிர்ப்பக்கம் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, அவருக்குக் கிடைத்த ஃபார்வர்டோ வெற்றிடத்தில் ஓடுவதற்கென்றே பிறந்த பூட்டியா. ஹாட்ரிக்! ஈஸ்ட் பெங்கால் 4-1. டைமண்ட் தப்பான வியூகம் என்று நான் சொல்லவில்லை. எந்த விசையில் அது உடையுமோ, சரியாக அந்த விசை அன்றைக்கு எதிரில் வந்து நின்றது.

அதற்கு முந்திய பருவத்தில் இன்னொரு அழகு நடந்தது. முதல் தேசிய லீக், 1996-97. பஞ்சாபின் ஜே.சி.டி. அணியில் விஜயனும் பூட்டியாவும் ஒன்றாக ஆடினார்கள். ஒருவர் பந்தைக் கேட்டுக் கீழே இறங்கி வருகிறவர். டிஃபென்டர் அவர் பின்னாலேயே வருவான். அவன் விட்டுவந்த இடத்தில் மற்றவர் ஓடுகிறவர். ஒருவரின் பலவீனம் அடுத்தவருக்கு வழியாகிவிட்டது. ஜே.சி.டி. லீக்கை வென்றது, பதினான்கு கோலுடன் பூட்டியா முதலிடம். எங்கள் டீக்கடை வழக்கில் இந்த ஒரு பருவத்தை மட்டும் யாரும் ஆதாரமாகக் காட்டுவதே இல்லை. காட்டினால் வழக்கு தள்ளுபடி ஆகிவிடுமே!

பூட்டியா 1999இல் இங்கிலாந்தின் பரி அணிக்குப் போனார். ஐரோப்பியக் கிளப்புடன் ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கு. (1936இல் செல்டிக் அணிக்காக வெறுங்காலோடு ஆடிய முகமது சலீம் ஒப்பந்தம் எதுவும் போட்டவர் அல்ல.) ஆனால் அங்கே மூன்று ஆண்டில் லீக் கோல் மூன்றுதான். ஏன்? பரி மூன்றாம் நிலைப் பிரிவில் தள்ளாடிய, பணக்கஷ்டமுள்ள அணி. பந்து நடுக்களத்தில் தங்காது. ஃபார்வர்டின் தலைக்கு மேலே பறக்கும். அரை வினாடி கணக்குப் போடுகிற ஆளுக்கு அந்தக் கணக்கைப் போட எதிரே ஒரு பாஸ் வேண்டாமா? தோளோடு தோள் மோதிப் பந்தை வாங்குவது அவர் தொழில் இல்லை. காயங்களும் வாட்டின. 2011 ஜனவரியில் தோஹாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குக் கேப்டனாகப் போனவர் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தார். ஆஸ்திரேலியா நம்மை 4-0 என்று சாத்தியதை வெளியிலிருந்து பார்த்தார். கடைசியாகக் கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில்தான் களம் இறங்க முடிந்தது.

இனி சுனில் சேத்ரி. 1984இல் செகந்திராபாத்தில் பிறந்தார். அப்பா ராணுவத்தில், அதுவும் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் மெக்கானிக்கல் எஞ்சினியர்ஸ் பிரிவில் இருந்தவர் என்பதால் நம் டிபார்ட்மெண்ட்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சொந்தம் கொண்டாடலாம். 2005 ஜூன் 12இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டம், முதல் கோல். 2024 ஜூன் 6இல் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக விடைபெற்றபோது 151 ஆட்டம், 94 கோல். பிறகு 2025 மார்ச்சில் நாற்பது வயதில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராக ஒன்று போட்டு 95 ஆக்கினார். அந்தக் கோல் தலையால்!

இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சேத்ரியின் உயரம் ஐந்தடி ஏழங்குலம். நம் வகுப்பில் அவரைவிட உயரமானவர்கள் பாதிப் பேர் இருக்கிறோம். ஆனால் தலையால் அவர் போட்ட கோல்கள் எத்தனை! காரணம் உயரம் அல்ல, குதிக்கும் நேரம். உயரமானவன் பந்து தன்னிடம் வரும் என்று நின்றுகொண்டிருப்பான். குள்ளன் இரண்டு எட்டு ஓடிவந்து, பந்து வரும் முன்பே எழும்பி, டிஃபென்டர் எழும்பும்போது தான் உச்சியில் இருப்பான். ஓடிவந்து எழும்புகிறவனுக்கு முன்வேகம் இருக்கிறது. கழுத்தைச் சொடுக்கும்போது அந்த வேகமும் பந்துக்குப் போகிறது. நின்ற இடத்தில் எழும்புகிறவனுக்குக் கழுத்து மட்டும்தான். அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது, சலிப்பில்லாத உழைப்பு. 2023 ஜூனில் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல் போட்டாரே, அதில் முதல் கோலைத் தேடிப் பாருங்கள். பந்து எதிரணிக் கோல்கீப்பரிடம் இருக்கிறது. பத்தில் ஒன்பது ஃபார்வர்டுகள் திரும்பி நடந்துவிடுவார்கள். இவர் விரட்டுகிறார். கோல்கீப்பர் பதறித் தட்டுத் தடுமாற, பந்தைப் பிடுங்கி உள்ளே தள்ளிவிட்டார். கலைநயம் ஒன்றும் இல்லை. விஜயனின் ரசிகர்கள் இதையெல்லாம் கோலாகவே எண்ணமாட்டார்கள். ஆனால் ஸ்கோர் போர்டு எண்ணும்.

குறை இல்லாமல் இல்லை. அந்த மூன்றில் மற்ற இரண்டும் பெனால்டி. மொத்தக் கணக்கில் தெற்காசிய அண்டை நாடுகளிடம் எடுத்தவை நிறைய. 2010இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்கும் 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் 'பி' அணிக்கும் போனார், இரண்டிலும் நிலைக்கவில்லை. பலசாலி டிஃபென்டர்கள் இருவர் நடுவே தனியாக விட்டால் அவரால் நெடுநேரம் பந்தைக் காப்பாற்ற முடிந்ததில்லை. விடைபெற்ற குவைத் ஆட்டமே 0-0தானே. அன்றைக்கு அவருக்கு ஒழுங்கான பந்து எத்தனை வந்தது? ஆனால் 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று வென்றோமே, அதில் இரண்டு அவருடையவை. அன்று உதாந்தாவும் ஆஷிக்கும் பறந்துகொண்டிருந்தார்கள். பின்னோக்கித் தள்ளிய பந்தை நிறுத்தாமல் அடித்தார் சேத்ரி. அதே ஆள், வேறே பந்து!

ஆகவே அண்ணாச்சியின் வழக்கில் என் தீர்ப்பு இதுதான். நடுவில் நல்ல பாஸ் கொடுக்க ஆள் இருந்தால் விஜயன். எதிரணி முன்னேறி வந்து பின்னால் இடம் விட்டால் பூட்டியா. ஓரத்திலிருந்து பந்து வந்தால், அல்லது ஒன்றுமே சரியில்லாமல் அழுக்கு வேலை செய்து கோல் எடுக்க வேண்டியிருந்தால் சேத்ரி. இதைச் சொன்னபோது அண்ணாச்சி, "இது தீர்ப்பு இல்லடே, வாய்தா" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

கோல் போடுகிறவன் ஃபார்வர்டாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் டிஃபென்டரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். பயிற்சியாளர் ரஹீம் அவரை வெளியே உட்கார வைக்காமல் முன்னே தள்ளி ஃபார்வர்டாக்கிவிட்டார். அரையிறுதியிலும் கோல், இறுதியில் கொரியாவுக்கு எதிராகவும் கோல், தங்கப் பதக்கம். தோழியர் கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் ஒன்று உண்டு. 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வீழ்த்தி, ஆஸ்திரேலியாவின் 2026 ஆசியக் கோப்பைக்கு நம் பெண்கள் அணி தகுதி பெற்றபோது இரண்டு கோலையும் போட்ட சங்கீதா பாஸ்ஃபோர் ஒரு நடுக்கள ஆட்டக்காரர்.

ஆஸ்திரேலியா என்றதும் இன்னொன்று. நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேர்ந்த நாள் 1956 நவம்பர் 1. சரியாக ஒரு மாதம் கழித்து டிசம்பர் 1இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசூசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். டீக்கடையில் எவனும் அவர் பெயரைச் சொல்லக் கேட்டதில்லை. ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் எங்கள் கடைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

இனி நான் முதலில் சொன்ன அந்த இன்னொரு காரணம்.

சென்ற ஆண்டு நம் அணி மண்டல இறுதிப் போட்டி வரைக்கும் போனதும் ஒரு கோலில் தோற்றதும் உங்களுக்குத் தெரியும். நான்தான் கேப்டன். நம்மிடம் இரண்டு ஃபார்வர்டுகள். ஒருவன் கொட்டாரத்துக்காரன். நெடியவன், தலைக்கு வந்த பந்தை விடமாட்டான், ஓட்டம் மட்டும் கொஞ்சம் மந்தம். மற்றவன் சின்னமுட்டத்துப் பையன், சிவில். கடற்கரையில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன். மணலில் பந்து உருளாது, துள்ளாது. அங்கே பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகாவிட்டால் விளையாடவே முடியாது. மூச்சு வாங்காத கெண்டைக்காலும் மணல் கொடுத்ததுதான். நம் மாவட்டத்து மேற்குக் கரையில் தூத்தூர், இரையுமன்துறைப் பக்கம் இப்படி மணலில் வளர்ந்த ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். இரையுமன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரைக்கும் போய் 2020இல் ஏ.டி.கே. அணியோடு கோப்பையையே தூக்கினார். நம் பையனுக்கு ஒரே குறை, இடது கால். கெட்டித் தரையில் பந்து வேகமாக உருண்டு இடது பக்கம் போய்விட்டால், அதை வலது காலுக்கு மாற்றப் பார்ப்பான். அதற்குள் காரியம் கெட்டுவிடும்.

அரையிறுதியில் அதுதான் நடந்தது. கோல் திறந்து கிடக்க, இடது காலால் வெளியே அடித்துவிட்டான். எப்படியோ பெனால்டியில் ஜெயித்தோம். அன்று ராத்திரி உடற்கல்வி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஃபைனல்ல யாரைப் போடலாம், நீ சொல்லுப்பா" என்றார். நான் யோசிக்கவே இல்லை. அந்தத் தவறவிட்ட கோல்தான் கண்ணில் நின்றது. கொட்டாரத்துக்காரன் என்றேன்.

நான் யோசித்திருக்க வேண்டியது என்ன தெரியுமா? நம் இடது ஓர ஆட்டக்காரன் அதே அரையிறுதியில் கணுக்கால் பிசகி வெளியே போய்விட்டான். கிராஸ் போட ஆள் இல்லை. இறுதி ஆட்டத்தன்று காற்றோ, நிற்கிறவனைத் தள்ளுகிற காற்று. தூக்கிப் போட்ட பந்தெல்லாம் வளைந்து வெளியே போனது. எங்கள் ஊர்க் காற்றில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நெடியவன் பாவம், தொண்ணூறு நிமிடமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரையோடு வந்த பந்து நாலைந்து. அதைப் பிடித்துத் திரும்ப அவனுக்கு வேகம் இல்லை. பந்தைத் தரையில் வாங்கி ஆடத் தெரிந்தவன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். ஆட்டம் முடிந்தபின் எல்லாரும் நெடியவனைத் திட்டினார்கள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கிரேன் கொக்கியை வார்ப்பிரும்பில் செய்தவன் நான்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது சின்னமுட்டத்துப் பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன ஏன்டே எடுக்கல?" என்று கேட்டான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சார் முடிவு பண்ணினாரு மக்கா, நான் எவ்வளவோ சொன்னேன்" என்றேன். அவன் நம்பிவிட்டான். "நீ சொன்னல்லா, அது போதும்" என்றான். அன்றிலிருந்து கல்லூரி மைதானத்துக்கு அவன் வருவதில்லை. ஆசிரியரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறான். அந்த மனுஷர் என்ன விஷயம் என்றே தெரியாமல் இரண்டு முறை என்னிடம் விசாரித்துவிட்டார். வட்டக்கோட்டைக் கரைக்கும் அவன் வருவதை நிறுத்திவிட்டான். இப்போது கடலுக்குள் போன பந்தை எடுக்க எங்களில் சரியாக நீந்தத் தெரிந்தவன் இல்லை. இதுவரை மூன்று பந்து போய்விட்டது.

பலமுறை நேரில் சொல்லிவிடலாம் என்று சின்னமுட்டம் துறைமுகம் வரைக்கும் சைக்கிளில் போயிருக்கிறேன். வலை பிரித்துக்கொண்டு அவன் அப்பா இருப்பார்; "வா மக்களே, சாப்பிட்டியா?" என்பார், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதிவிடுகிறேன். சார் முடிவு பண்ணவில்லைடே. நான்தான் சொன்னேன். நீ தவறவிட்ட ஒரு பந்தைப் பார்த்தேன். உனக்கு எந்தப் பந்தை எப்படிக் கொடுத்தால் நீ தவறவிடமாட்டாய் என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குக் கரையில் இருப்போம். புதுப் பந்து வாங்கியாகிவிட்டது. காற்று மட்டும் அடிக்கவில்லை. பம்ப் உன் வீட்டில் இருக்கிறது.